ஒட்டுப் போர்வைக்கு என்ன விலை

விலை சொல்வதில் நான் மகா மக்கு. மகள் சொல்வதற்கு முன் நானே ஒத்துக்கொண்டு விடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாகத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ரவிக்கைக்குக் கழுத்து வெட்டச் சொன்னால் பேசிக்கொண்டே வெட்டுவேன். ஆனால் எதிரே நிற்கிறவர் ‘எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டுவிட்டால் போதும், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி உள்ளே ஓடத் தோன்றும். ஐந்நூறு கேட்க வேண்டிய இடத்தில் முந்நூறு கேட்பேன். அப்புறம் இரண்டு நாளைக்கு வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவேன்.

என் எரிச்சலைத் தாங்க முடியாமல்தான் மகள் ஒரு அட்டையில் விலைகளை எழுதி, வானகரம் வீட்டின் முன்னறையில் மெஷினுக்கு மேலே ஒட்டினாள். எல்லாம் ஒட்டுப் போர்வைகளுக்கான விலை. பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்து, அடியில் ஒரு கெட்டித் துணி கொடுத்துத் தைப்பது. அவள் அதை மெமரி குயில்ட் என்பாள். தைத்து முடித்ததை ஃபோனில் படம் எடுத்துப் போடுவாள். குழந்தையின் முதல் வருடச் சட்டைகளைக் கொண்டுவருவார்கள், அம்மாவின் புடவைகளைக் கொண்டுவருவார்கள். அட்டையைக் காட்டினால் தலையாட்டிவிட்டு முன்பணம் கொடுத்துப் போவார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் விலை சொல்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

போன தை மாதம் ஒரு காலையில் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், இரண்டு கையிலும் இரண்டு கட்டைப் பைகளோடு எதிர் வீட்டு அக்கா நின்றாள்.

“இன்னாமே, உள்ள வுடுவியா, இல்ல வாசல்லியே நிக்கணுமா?”

எதிர் வீடு என்றால் இந்த வீட்டுக்கு எதிர் வீடு இல்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது பதினெட்டு வருடம் எங்கள் கதவைத் திறந்தால் அவள் கதவு. என் கணவரும் அவள் கணவரும் ஒரே ஃபேக்டரி. ஓய்வு பெற்றதும் நாங்கள் வானகரத்துக்கு வந்தோம், அவர்கள் காட்டுப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். ஊர் மாறினாலும் எனக்கு அவள் எதிர் வீட்டு அக்காதான், அவர் எதிர் வீட்டு அண்ணன்தான். அந்த அண்ணன் இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்திருந்தாள். இளைத்திருந்தாள். பைகளைக் காலடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எங்க அண்ணன் அவரு துணியெல்லாம் மூட்ட கட்டி யாருக்காச்சும் குட்த்துடலாம்னாரு. நான் நல்லதா பாத்து ரெண்டு பை எட்த்து பரண்ல சொருகிட்டேன். இத்தினி நாளா அத்த தொடக்கூட இல்ல. உன் பொண்ணு போன்ல போட்டிருந்தாளே, பழய துணில போர்வ. அத்த பாத்ததுலேர்ந்து இதே நெனப்பா கீது. தெச்சுக் குடு.”

“தைச்சுத் தரேன்க்கா.”

“எவ்ளோ ஆவும்?”

அட்டை அவள் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. “துணியப் பாக்காம எப்படிச் சொல்ல? மொதல்ல தைக்கிறேன், அப்புறம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனேன். இந்த ‘அப்புறம் பாத்துக்கலாம்’தான் என் தொழிலின் சாபக்கேடு என்று மகள் சொல்வாள். அதில் தப்பு இல்லை.

குவார்ட்டர்ஸில் எங்களுக்குள் கூலி என்ற பேச்சே எழுந்தது கிடையாது. எங்கள் பிளாக்கில் மேல் வீட்டுக்காரர்கள் வேலூர், பக்கத்து வீடு கும்பகோணம், நாங்கள் விருதுநகர் பக்கம். எதிர் வீட்டு அக்கா மட்டும் பூந்தமல்லிக்காரி. அவள் அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்ட வயலெல்லாம் இன்றைக்குக் குடோன்களாக நிற்கின்றன. ‘என் பையனுக்கு யூனிஃபார்ம் தைக்கணும்’, ‘என் ரவிக்கையைப் பிரித்து விடணும்’ என்று ஆளாளுக்கு வருவார்கள். தைத்துக் கொடுப்பேன். மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒரு கிண்ணம் வரும். கும்பகோணத்து வீட்டிலிருந்து கொத்சு, எதிர் வீட்டிலிருந்து நெத்திலிக் குழம்பு. கிண்ணத்தைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பதால் நான் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவேன். அந்தச் சர்க்கரைக்குப் பதில் இன்னொரு நாள் இன்னொன்று வரும். யார் யாருக்கு எவ்வளவு செய்தோம் என்று ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. நான் விலை சொல்லத் தெரியாத மக்காக ஆனது அங்கேதான். அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

அவள் போன பிறகு பைகளைப் பிரித்தேன். டெரிகாட்டன் சட்டைகள் பதினொன்று, இரண்டு காக்கி யூனிஃபார்ம், மூன்று கைலி, சபரிமலைக்குக் கட்டிய கறுப்பு வேட்டி, நெஞ்சில் ஏழு என்று எழுதிய வாலிபால் பனியன் ஒன்று. சட்டைகளைப் புரட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் நான் தைத்தவை. தோள் தையலைப் பிரிக்க ஊசியை விட்டபோது என் கையே எனக்குத் தெரிந்தது. அந்தக் காலத்தில் நான் தையலை முடிக்கிற இடத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டுவேன். லேசில் பிரியாது. இருபது வருடத்துக்கு முந்தைய என்னை நானே திட்டிக்கொண்டு பிரித்தேன்.

வெளிர்நீலச் சட்டை ஒன்று. அதற்கு மட்டும் காலர் கருநீலம். துணி போதவில்லை, கடையில் இரண்டு மீட்டர் என்று கொடுத்தது அளந்தால் கால் மீட்டர் குறைவு. அண்ணனிடம் சொல்ல வெட்கப்பட்டு, மிச்சம் கிடந்த வேறு துணியில் காலர் வெட்டிவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு ஏதோ புது மோஸ்தர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி ஷிஃப்டுக்குப் போனார். அடுத்த மாதம் இரண்டு பேர் வந்து, அவருக்குத் தைத்த மாதிரியே காலரை வேறு நிறத்தில் வைக்கச் சொன்னார்கள். அவர் எதிர் வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பழுப்புக் கட்டம் போட்டது ஆயுத பூஜைச் சட்டை. அன்றைக்கு மட்டும்தான் குடும்பத்தோடு எங்களை ஃபேக்டரிக்குள் விடுவார்கள். அண்ணன் எங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்த் தன் மெஷினைக் காட்டுவார். சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டு நிற்கும். “இன்னிக்கு இது தூங்குது, சத்தம் போட்டீங்கன்னா எழுந்துக்கும்” என்பார். என் மகள் அடுத்த வருடமும் அதை நம்பினாள். பொரியும் பொட்டுக்கடலையும் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, அந்தப் பெரிய கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நடந்தது எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது.

பனியனை வெட்டத்தான் மனசு வரவில்லை. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாலிபால் ஆடுவார்கள். நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, யார் வீட்டு ஆள் பந்தைக் கோட்டை விடுகிறார் என்று பார்த்துச் சிரிப்போம். பெரும்பாலும் என் வீட்டு ஆள்தான். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அப்போதே அது எங்களுக்குத் தெரிந்தும் இருந்தது.

வேலை இருபத்து மூன்று நாள் இழுத்தது. மொத்தம் நாற்பத்திரண்டு சதுரம். காக்கித் துணி இரண்டு ஊசியை உடைத்தது. ஒவ்வொரு நாளும் மகள் அதே கேள்வியைக் கேட்டாள்.

“அட்டையில இருக்கற விலைதானே வாங்கப் போற? ஒம்பதாயிரத்து ஐந்நூறு.”

“நீ போய் உன் வேலையப் பாரு.”

கணவர் அந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டே, “அவங்ககிட்டயா காசு வாங்குவ?” என்றார். இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. இரண்டு பேரும் கேட்டது நான் எனக்குள் கேட்டுக்கொண்டதுதான். மகள் பிறந்தபோது எனக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினைந்து நாள் எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை. எதிர் வீட்டு அடுப்பில்தான் எங்களுக்கும் சோறு. அதை எந்தக் கணக்கில் கழிப்பது? ஒன்பதாயிரம் என்று அவளிடம் சொன்னால், பதினெட்டு வருடம் எதிரெதிரே இருந்ததற்கு என்ன அர்த்தம்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு பைசா வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் மனசு லேசாகிவிட்டது. என் நல்ல குணத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் பதினோரு மணி வெயிலில் அவள் வந்தாள். போர்வையைக் கட்டில் மேல் விரித்து வைத்திருந்தேன். அவள் ஒரு ஓரத்திலிருந்து ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டே போனாள். மறு ஓரம் வந்ததும் இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்தாள்.

“எவ்ளோ?”

“ஒண்ணும் வேணாம்க்கா. இது நான் உங்களுக்குச் செய்யறது” என்று சொல்லி, போர்வையை எடுத்து உதறி, அவள் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டேன்.

அவள் உடம்பு அப்படியே விறைத்துப் போனது.

“எடு. மொதல்ல எடு இத்த.”

எனக்குப் புரியவில்லை. போர்வை நழுவிக் கட்டிலில் விழுந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

“அவரு போயி ஒரு வருசம் ஆவல. காசு வாங்காத ஒரு துணிய எட்த்தாந்து என் தோள்ள போத்துறியே, அதுக்குப் பேரு இன்னாமே?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணவன் இறந்தால் பிறந்த வீட்டு மனிதர்கள் கோடித் துணி கொண்டுவந்து அந்தப் பெண்ணின் தோளில் போடுவார்கள். எங்கள் பக்கத்திலும் உண்டு, அவர்கள் பக்கத்திலும் உண்டு. அதற்கு யாரும் விலை கேட்பதில்லை, யாரும் காசு கொடுப்பதில்லை. அந்தச் சடங்கு நடந்தபோது நானும் அங்கே நின்றேன். அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, ஒன்றன் மேல் ஒன்றாகப் புடவைகளைப் போட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்தவள், அதே தோளில் அதே மாதிரி செய்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

“எங்க அண்ணன் போட்டாரு, சித்தப்பா பசங்க போட்டாங்கோ” என்றாள். “ஒன்னொன்னா போடப் போட, அவரு போயிட்டாரு, போயிட்டாருன்னு சொல்லிகினே இருந்தா மாதிரி இருந்துச்சி. இப்ப நீயும் சொல்லிட்டே.”

“அக்கா, நான் அப்படி நெனைக்கலக்கா.”

“நீ நெனக்கல, தெரியும். அவரு பென்சன் என் பேருக்கு வருது. மாசா மாசம் எட்த்து ஊட்டுச் செலவுக்குத்தான் போவுது. அதுல எனக்குன்னு ஒன்னு வாங்கணும்னா இதான் வாங்கணும்னு இருந்தேன். அவரு சம்பாரிச்ச காசுல, அவரு சட்டய, நான் தெச்சிகினதா இருக்கணும். காசு சொல்லு.”

எனக்கு அழுகை முட்டியது. அந்த நிலையிலும் என் நாக்கு பழைய குணத்தைக் காட்டியது. “சரிக்கா, ரெண்டாயிரம் குடுங்க” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

“ரெண்டாயிரமா? பழய துணிக்கு பாத்திரம் தர்றவன் கைல போட்டிருந்தா கூட ரெண்டு குண்டான் குட்த்திருப்பான். முப்பத்தி ரெண்டு வருசம் ஒழச்ச மனுசன் சட்ட இது. அவ்ளோதான் பொறுமா?” மெஷினுக்கு மேலே கையைக் காட்டினாள். “அந்த அட்டைல இன்னா போட்டுகீது?”

“அது வெளியாளுங்களுக்குக்கா.”

“நான் இப்போ வெளியாளா வந்துகீறேன். சொல்லு.”

மூச்சை இழுத்துக்கொண்டேன். “ஒம்பதாயிரத்து ஐந்நூறு. காக்கி ரெண்டு ஊசிய ஒடச்சுது. அந்த வேலைக்குத் தனியா முந்நூறு. மொத்தம் ஒம்பதாயிரத்து எண்ணூறு.” வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விலையை முழுசாகச் சொன்னேன். ஒரு ரூபாய் கூடக் குறைக்கவில்லை.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஒரு காலை மடித்துக் கட்டில் மேல் சரியாக உட்கார்ந்தாள்.

“ஏழாயிரம்.”

என்னால் நம்ப முடியவில்லை. குவார்ட்டர்ஸுக்குள் சைக்கிளில் புடவைக்காரர் வந்தால், கீழே நின்று எல்லோரும் முதலில் இவளைத்தான் கூப்பிடுவார்கள். வாங்குகிறவள் யாராக இருந்தாலும் பேரம் பேசுகிறவள் இவள். அரை மணி நேரத்தில் அந்த மனிதர் வேர்த்துப் போய், ‘வேணாம்மா, நீங்களே ஒரு ரேட் போட்டுக் குடுத்துடுங்க’ என்று கையெடுத்துக் கும்பிடுவார். அந்த முகம் ஒன்பது மாதத்துக்குப் பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

“ஏழுக்கெல்லாம் கட்டாதுக்கா. ஒம்பதரைதான்.”

“இந்தத் தையலு கோணலா கீது பாரு.”

“தையல் நேராத்தான் இருக்கு, உங்க கண்ணாடிய மாத்துங்க.”

“பஞ்சு எங்கமே போட்டே? காத்துதான் கீது.”

“அமுக்காம பாருங்க. ஒம்பது.”

“ஏழே முக்கா. நல்ல காலரெல்லாம் தூரப் போட்டுட்டு, இந்த ஒட்டுக் காலர கொண்டாந்து நட்டநடுவுல வெச்சிகீறே. அதுக்கே நூறு கொறைக்கணும்.”

“அந்தக் காலருக்குத்தான் நூறு கூடவே கேக்கணும்.”

அவள் சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். “அத்த போட்டுகினு இன்னா பவுசா போவாரு தெரியுமா” என்றாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணீரும் நிற்கவில்லை. நானும் அழுதுகொண்டே எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்றேன். எட்டரை என்றாள். உள்ளேயிருந்து மகள் வந்து பார்த்துவிட்டு, எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று திரும்பிப் போனாள். எட்டாயிரத்து எழுநூறில் வந்து நின்றோம்.

விரலை நாக்கில் தொட்டு இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள். நான் வாங்கி, அவள் எதிரிலேயே ஒரு முறை எண்ணினேன். எண்ணாமல் வைத்தால் திரும்பவும் தப்பாகிவிடுமோ என்று பயம். அப்புறம் அவளே போர்வையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். மாசி வெயிலில் அதைப் போர்த்தியபடி உட்கார்ந்து நான் கொடுத்த காபியைக் குடித்தாள். நிம்மதியாக இருந்தாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்தப் போர்வையைப் பற்றிக் காட்டுப்பாக்கத்தில் அவள் சொல்லாத ஆள் இல்லை போலிருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர், ‘ஒம்பதாயிரம் குட்த்து தெச்சாங்களாமே’ என்றார். அடுத்த மாதம் வந்த அம்மா பத்தாயிரம் என்றார். அக்காவின் வாயில் அந்த விலை ஏறிக்கொண்டே போனது. மகளுக்குக் கோபம். அட்டையில் ஒன்று, ஊரில் ஒன்று என்றால் வருகிறவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள் என்றாள். ஃபோன் செய்து அக்காவிடம் சொல்லச் சொன்னாள். நான் செய்யவில்லை.

போன வாரம் சென்னீர்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். அப்பா இறந்து மூன்று மாதம் என்றாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காமலே கேட்டாள்.

“காட்டுப்பாக்கத்துல ஒரு அக்கா ஊட்ல பாத்தேங்க, அவங்க ஊட்டுக்காரரு சட்டைங்கள்ல தெச்சது. அதே மாதிரி வோணும். பன்னெண்டாயிரம் ஆச்சாமே?”

மகள் அட்டையைக் காட்டக் கையைத் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“ஆமா, ஆச்சு” என்றேன். “அது அவர் சட்டைங்களுக்கு. உங்க அப்பா சட்டைங்களப் பிரிங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன்.”